ஆச்சியின் நொண்டிக் கோழி

வீடு யார் பேரில் இருக்கிறது, தறி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஓர் ஆணின் பெயரைத்தான் சொல்வார்கள். கோழி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். ‘அது அம்மாவோடது’, ‘அது ஆச்சியோடது.’

முட்டை விற்ற காசு, குஞ்சு விற்ற காசு, தீபாவளிக்குச் சேவல் விற்ற காசு எல்லாம் அரிசிப் பானைக்குள்ளோ அஞ்சறைப் பெட்டிக்குள்ளோ போய்ச் சேரும். சிறுவாட்டுக் காசு. அதற்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பேத்திக்கு ஜாமெட்ரி பாக்ஸ், மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு சீப்புப் பழம், திடீரென்று வரும் காய்ச்சலுக்கு மாத்திரை என்று அவசரத்துக்கெல்லாம் கை கொடுப்பது அந்தக் காசுதான்.

சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் இருக்கும் ஓர் ஆச்சிக்கும் அப்படித்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முட்டி வலி. மகனும் மருமகளும் தறி ஓட்டுகிறார்கள். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. ஆச்சியிடம் ஐந்து கோழிகள். அதில் மூத்தது ஒரு செவலைக் கோழி. சிறுவிடை இனம். மூன்று வயதுக்கு மேல் இருக்கும்.

செவலை அதிகம் முட்டையிடும் கோழி இல்லை. ஆனால் அடை உட்காருவதில் கெட்டிக்காரி. இடம் மாற்றினாலும் கலையாது. முட்டையை உடைக்காது. பொரித்த குஞ்சைப் பூனைக்கும் பருந்துக்கும் கொடுக்காமல் காப்பாற்றும். தெருவில் யார் வீட்டுக் கோழி அடை கலைந்தாலும், முட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆச்சியிடம்தான் வருவார்கள். பொரித்ததில் பாதி முட்டைக்காரருக்கு, பாதி ஆச்சிக்கு. வாரத்துக்கு வளர்ப்பது என்பார்கள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும் அந்தத் தெருப் பெண்கள் பலருக்கு அது ஒரு சின்ன வருமானம்.

அந்தச் செவலைக்குத்தான் ஆடி மாதத்தில் கால் விழுந்தது.

சங்கரன்கோவிலுக்கு ஆடி என்றால் ஆடித்தபசுதான். 12 நாள் திருவிழா. சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்ததாக ஐதீகம். நின்று நின்று அம்மனுக்குக் கால் வலிக்குமே என்று, அந்த வலியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதாக நினைத்துப் பக்தர்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆடிச்சுற்று என்று அதற்குப் பெயர். 101 சுற்று, 108 சுற்று என்று அவரவர் சக்திக்கு ஏற்றபடி சுற்றுவார்கள்.

கொடியேறிய மறுநாள் காலை. பஞ்சாரத்தைத் தூக்கியதும் நான்கு கோழிகள் ஓடின. செவலை மட்டும் நகரவில்லை. ஒரு காலை மடக்கிக்கொண்டு, செட்டையைத் தளரவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றது. நொய்யைத் தூவினால் பார்க்கவில்லை. தள்ளிவிட்டால் இரண்டு அடி தத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது.

“ஒத்தக்கால்ல நிக்கிறதைப் பாருங்க ஆச்சி, இதுவும் தபசு இருக்கு” என்று சிரித்தாள் பேத்தி.

மகன் சிரிக்கவில்லை. “எம்மா, இது வெள்ளைக்கழிச்சலா இருந்தா மிச்ச நாலும் போயிரும். இன்னைக்கே முடிச்சிருவோம். தங்கச்சியும் மாப்பிள்ளையும் வேற தபசுக்கு வாறாங்க, குழம்புக்கு ஆச்சு.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளைக்கழிச்சல் சாதாரண நோய் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தின் பெயரை உலகம் அதற்கு வைத்திருக்கிறது. நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிகேத் ஊரின் பெயர். இரண்டுமே 1920-களில் அந்த நோய் கண்டறியப்பட்ட இடங்கள். வைரஸ் நோய் என்பதால் வந்தபிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. ஒரு கோழிக்கு வந்தால் தெருவே காலியாகலாம்.

ஆச்சி யோசித்தார். பிறகு ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்தார். “கொடியேறியாச்சு எய்யா. தபசு முடியுத வரைக்கும் இந்த வீட்டுல கத்தி எடுக்கக் கூடாது.”

மகனால் அதற்கு மேல் பேச முடியவில்லை. செவலைக்குப் பதினோரு நாள் தவணை கிடைத்தது.

ஆச்சி முதலில் செய்த வேலை, செவலையைப் பிரித்து வைத்தது. கொல்லையில் முருங்கை மர நிழலில் வேறொரு பஞ்சாரம். அதற்குத் தனித் தண்ணீர், தனித் தீவனம். மற்றக் கோழிகளுக்கு இரை வைத்து முடித்த பிறகுதான் நோய்க் கோழியைத் தொடுவது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. இது நோய் எதுவானாலும் முதல் நாளே செய்ய வேண்டியது.

அடுத்து, என்ன நோய் என்று பார்ப்பது. கால் ஊனம் என்பது நோய் இல்லை, அடையாளம். அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். ஆச்சி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

எச்சத்தைப் பார்த்தார். வெள்ளையும் பச்சையுமாகக் கழியவில்லை. கழுத்து முறுக்கிக்கொள்ளவில்லை. மூச்சு இழுக்கவில்லை. போதாததற்குக் கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்தும் இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஐந்துக்கும் ஊசி போட்டாயிற்று. அதனால் வெள்ளைக்கழிச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, “வாதமா இருக்குமோ?” என்றார். கோழிக்கு வரும் வாதத்தில் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீண்டு கிடக்கும். ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் மாரெக் 1907-ல் விவரித்த நோய் அது. அவர் பெயராலேயே மாரெக்ஸ் நோய் என்கிறார்கள். பெரும்பாலும் சில மாத வயதுள்ள இளங்கோழிகளைத்தான் தாக்கும். செவலைக்கு அந்த வயதும் இல்லை, கால் அப்படி நீளவும் இல்லை.

உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். முள் குத்தியோ, உயரத்திலிருந்து கரடுமுரடான தரையில் குதித்தோ உள்ளங்காலில் புண்ணாகி, உள்ளே கிருமி சேர்ந்து, கறுப்பு ஆணி போல வீங்குவது உண்டு. அதுவும் இல்லை. முட்டை வயிற்றில் மாட்டியிருக்கிறதா என்று அடிவயிற்றைத் தடவினார். மெத்தென்றுதான் இருந்தது.

மீதி இருப்பது அடிபட்ட காயம். ஆனால் எங்கே?

பகலில் கோழியைப் பிடித்தால் படபடக்கும், இன்னும் அடிபடும். இருட்டினால் அடங்கிவிடும். ஆச்சி பொழுது சாயும்வரை காத்திருந்து, பழைய சேலைத் துணியில் செவலையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல சூடு. கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் போலத்தான் தெரியும். அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்ட முடியாது.

தொடை, முட்டி, கணுக்கால் என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். நடுவிரல் மட்டும் சுண்டைக்காய் போல வீங்கியிருந்தது. வீக்கத்துக்கு மேலே, செதிலுக்கு அடியில், ஒரு சின்னப் பள்ளம். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

“ஏட்டி, அந்தப் போனை எடுத்துட்டு வா.”

பேத்தி டார்ச் லைட்டைப் போட்டு, கேமராவில் பெரிதாக்கிக் காட்டினாள். செதிலுக்குள் தலைமயிர் போல ஒரு கோடு.

ஆச்சி நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நூலு. பாலியஸ்டர் நூலு. பருத்தியா இருந்தா இத்து அந்து போயிருக்கும். இது அறாது.”

ஐம்பது வருடம் தார் சுற்றிய கை அது. எந்த நூல், எத்தனையாம் நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். தறியில் அறுந்து விழுந்த நூல், பாவு பிணைக்கும்போது நறுக்கிப் போட்ட நூல் எல்லாம் தெருவில்தான் கிடக்கும். ஆடிக் காற்று அதைக் கொல்லைக்குக் கொல்லை அள்ளிக்கொண்டு போகும். கோழி குப்பையைக் கிளறும்போது நூல் காலில் மாட்டும். விடுவிக்க நடக்க நடக்க இன்னும் இறுகும். ரத்தம் போவது குறைந்து விரல் வீங்கும். வீங்கினால் இன்னும் இறுகும். அப்படியே விட்டால் விரல் கறுத்துச் செத்துவிடும்.

செவலைக்கு நோய் கொடுத்தது வைரஸ் இல்லை. அந்த வீட்டுக்குச் சோறு போடும் நூல்தான்.

இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலைக் கால் மணி நேரம் ஊற வைத்தார்கள். செதில் இளகியது. பேத்தி வெளிச்சம் பிடிக்க, மருமகள் கோழியைப் பிடித்துக்கொள்ள, ஆச்சி தறியில் நூல் நறுக்கும் சின்னக் கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். இழுக்கவில்லை. இழுத்தால் சதையும் சேர்ந்து வரும். மூன்று சுற்று. கடைசிச் சுற்று வந்தபோது கொஞ்சம் ரத்தமும் சீழும் வந்தது. செவலை ஒரு முறை கத்திவிட்டு அடங்கியது.

தறிக்குப் போகத் திரும்பிய மகன், அந்த நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தறியில் ஓடும் நூல் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பேத்தி கோழியைக் கூடையில் வைத்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனாள். மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். விரல் நுனி தேறாமல் விழுந்துவிடலாம், விழுந்தாலும் கோழி நடக்கும் என்றார். அத்துடன் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னார்.

மனிதர்களுக்கு வாங்கிய வலி மாத்திரையையோ ஆன்டிபயாடிக் மாத்திரையையோ உடைத்துக் கொடுக்கக் கூடாது. மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பிறகு மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் மருந்து முட்டையிலும் இறங்கும். மூன்றாவது, திறந்த புண்ணில் மண்ணோ சாம்பலோ சாணமோ பூசக் கூடாது.

இரண்டாவது விஷயம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. கோழிகளுக்குக் கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுப்பதால் மனிதர்களுக்கான கடைசிக் கட்ட மருந்துகளே வேலை செய்யாமல் போகின்றன என்பதால்தான், கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் மற்றக் கால்நடைகளுக்கும் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது.

மூன்றாவது விஷயத்தில்தான் ஆச்சிக்கு வருத்தம். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை எடுத்து வைத்திருந்தார். அந்த ஊரில் எந்தப் புண்ணுக்கும், எந்தக் கடிக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

“டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க ஆச்சி.”

“புண்ணுலதானே வேண்டாம்னாரு?” என்று கேட்ட ஆச்சி, ஒரு சிட்டிகை எடுத்துச் செவலையின் கொண்டையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரிய வைத்தியம் இல்லை. பொறுமைதான்.

பஞ்சாரத்துக்கு அடியில் சாக்கு, அதன்மேல் வைக்கோல். ஈரமானால் உடனே மாற்றினார்கள். எழுந்து நடக்க முடியாத கோழிக்குத் தண்ணீர் எட்டாமல் போவதே பாதி ஆபத்து. அதனால் அலகுக்கு நேராக, கவிழாத மண் சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, டாக்டர் கொடுத்த மருந்து. ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும் என்பதால் பஞ்சாரத்தின் மேல் கொசுவலைத் துணி. ஊற வைத்த கம்பு, நொய்க் கஞ்சி, நறுக்கிய முருங்கைக்கீரை. இரண்டு நாளைக்கு ஒரு முறை அவித்த முட்டை கொஞ்சம்.

“கோழிக்கே முட்டையா அத்தை?” என்று சிரித்தார் மருமகள்.

“பெத்த உடம்புக்குப் பெத்ததுதான் தெம்பு” என்றார் ஆச்சி.

பஞ்சாரத்தை மற்றக் கோழிகளின் கண்ணில் படும் இடத்தில்தான் வைத்தார். அதற்கும் காரணம் உண்டு. கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. யார் யாரைக் கொத்தலாம் என்ற அந்த வரிசையை நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெருப் எப்பே 1921-ல் எழுதினார். நோயாளிக் கோழியைக் கூட்டத்தோடு விட்டால் சிவப்பாகத் தெரியும் புண்ணையே மற்றவை கொத்தும். அதற்காகப் பல நாள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாலும், திரும்பி வரும்போது புதுக் கோழி என்று நினைத்துக் கொத்தும். எனவே பார்க்க வேண்டும், தொடக் கூடாது.

ஐந்தாம் நாள் செவலை மறுபடியும் சோர்ந்தது. இரையைத் தொடவில்லை. விரல் நுனி கறுத்துவிட்டது. கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவினால் ஒன்றுமே இல்லை. அன்று ராத்திரி ஆச்சி தூங்கவில்லை. வெல்லத் தண்ணீரை விரலில் தொட்டு அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தார். வாயைத் திறந்து ஊற்றவில்லை. ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். சொட்டு உள்ளே போனால் கோழி அலகை அசைத்து விழுங்கும். அது விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு.

நள்ளிரவில் தறியை நிறுத்திவிட்டு மகன் வந்து பார்த்தபோது, ஆச்சி முட்டியை நீட்டிக்கொண்டு பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“போய்ப் படும்மா. கோழிதானே.”

“எனக்கும் முட்டி போச்சு. இந்த வருசம் ஒரு ஆடிச்சுற்றுகூடச் சுத்தலை. அதுக்காக நீ என்ன செய்யுத? தைலம் வாங்கித்தானே தாற?”

மகன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீ போய்ப் படு. எத்தனை சொட்டுன்னு சொல்லு.”

நொண்டிக் கோழியை வைத்துக் காப்பாற்றுவது கணக்குப் பார்த்தால் லாபமா என்று கேட்டால், பல நேரம் இல்லைதான். கடையில் ஒரு கோழி வாங்கிவிடலாம். ஆனால் ஒரு வீட்டில், ஓடியாடி வேலை செய்தவரை வைத்துக்கொண்டு, முடியாமல் போனால் என்ன செய்கிறோம் என்பதைச் சின்னவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை ஆச்சி கோழிக்காக மட்டும் சொல்லவில்லை என்பது மகனுக்கும் புரிந்திருக்கும்.

ஏழாம் நாள் செவலை தானாகக் கம்பைக் கொத்தியது. ஒன்பதாம் நாள் அடிபட்ட காலைத் தரையில் ஊன்றியது. தபசுக் காட்சி அன்று ஊரே தெற்கு ரத வீதியில் கூடியிருக்க, ஆச்சி வீட்டில்தான் இருந்தார். விரல் நுனி காய்ந்த மிளகாய் விதை போல வைக்கோலில் கிடந்தது. அடியில் புண் ஆறி இளஞ்சிவப்பாக இருந்தது. செவலை விந்தி விந்தித் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி வந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் மகள், மாப்பிள்ளைக்காகக் குழம்பு வைத்தார்கள். மகன் காலையிலேயே சந்தைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். கோழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

எல்லாக் கோழியையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால், முகம் வீங்கினால், கொண்டை நீலமாகக் கறுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். செத்த கோழியைக் குப்பையில் எறியாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஒரு கோழி மட்டும் நொண்டினால், கத்தியைத் தேடும் முன்பு அதன் காலை ஒரு தடவை தடவிப் பார்க்கலாம். நூலாக இருக்கலாம், தலைமுடியாக இருக்கலாம், பட்டம் விட்ட மாஞ்சாவாக இருக்கலாம்.

புரட்டாசியில் செவலை அடைக்கு உட்கார்ந்தது. மூன்று வீட்டிலிருந்து 12 முட்டைகள் வந்தன. யாருடையது எது என்று தெரிய, கரியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும். 21 நாளில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. விந்தி நடக்கும் தாய்க்குப் பின்னால் அவை ஒழுங்காகத்தான் நடக்கின்றன.

தெருவில் இப்போது தறிக்கூடத்துக்கு ஒரு சாக்கு தொங்குகிறது. அறுந்த நூலெல்லாம் அதில். அதை முதலில் கட்டியவர் ஆச்சியின் மகன்.

பங்கு பிரிக்கிற அன்று ஆச்சி தன் பங்குக் குஞ்சுகளில் இரண்டை எடுத்துத் தனியாக விட்டார்.

“இது யாருக்கு ஆச்சி?”

“உனக்குத்தான்ட்டி. கேமரா பிடிச்ச கூலி. முட்டை போட்டா காசை உங்க அப்பன்கிட்டக் காட்டாத.”